முதலாளியிடம் இல்லாத சாவி

இன்று காலை கணபதி ஏரியாவில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரிக்குப் போயிருந்தேன். எங்கள் கம்பெனி பம்புக்கு அவசரமாக வார்ப்பு வேண்டும்.

போன நேரம் பார்த்து மணல் கலக்கும் மெஷின் நின்றிருந்தது. சுத்தம் செய்ய உள்ளே இறங்குகிறவர்கள், முதலில் சுவிட்சை அணைத்து அதில் ஆளுக்கொரு பூட்டுப் போட வேண்டும். அவரவர் பூட்டை அவரவர்தான் திறக்க வேண்டும்; கடைசிப் பூட்டும் போனால்தான் மெஷின் ஓடும். அதுதான் அங்கே வழக்கம்.

வேலை முடிந்து மூன்று பேர் பூட்டை எடுத்துவிட்டார்கள். நான்காவது பூட்டு, அங்கே வேலை செய்யும் சரசக்காவுடையது. அக்கா வெளியே வந்து, எதிரில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அதான் வெளிய வந்துட்டாங்களேங்க, நீங்க தொறந்து விடுங்க" என்றேன் முதலாளியிடம்.

"எங்கிட்ட ஏதுங்க சாவி? பூட்டு வாங்குன அன்னிக்கே ரெண்டாவது சாவியை நானே வெட்டிப்போட்டேனுங்க."

"ஏனுங்க?"

"இருந்துதுன்னா, உங்கள மாதிரி யாராச்சும் வந்து அவசரப்படுத்துவாங்க. நானும் தொறந்துபோடுவேனுங்க. உள்ள ஒருத்தர் இருந்துட்டா?"



சரசக்கா நிதானமாக வந்தார். மெஷினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்று பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்தார். "நீங்களும் தள்ளி நில்லுங்க" என்றார் முதலாளியிடம். அவர் மறுபேச்சில்லாமல் நகர்ந்தார். அதன்பிறகுதான் அக்காவின் இடுப்பிலிருந்து சாவி வெளியே வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் கிரைண்டரை நிறுத்திவிட்டுத்தான் மாவை வழித்தேன். வாழ்க்கையில் முதல்முறை.

ஓடும்போதே கையை விட்டு மாவு தள்ளுகிற நம்மூர் வீரர்களெல்லாம் கமெண்டில் கை தூக்குங்க. விரல்களை எண்ணிக்கொள்கிறேன்.