லிவர்பூல் அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி

மதுரையில் நான் அச்சகம் நடத்திய காலத்தில் என்னை அதிகம் படுத்தியவர், எழுமலையிலிருந்து வந்த ஒரு மிஷன் பள்ளி வாத்தியார். முன்முடியை நெற்றி மறைய இறக்கி வாரியிருப்பார். நாம் பேசும்போதெல்லாம் குதிகாலால் தரையில் தாளம் போடுவார்.

எண்பதுகளில் ஒருநாள் இசைத்தட்டு அட்டை ஒன்றை நீட்டினார். அதிலிருந்த லிவர்பூல் பாடகர் இறந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்களாம். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடிக்க வேண்டுமாம்.

"உங்களுக்கு அவரு என்ன வேணும் சார்?"

"காலேஜ்ல இருந்து அவரு பாட்டுதாண்ணே எனக்குத் துணை. எங்கள் அண்ணன்னு போடுங்க."

புரூஃப் பார்க்க வந்தவர் 'காலமானார்' வேண்டாம் என்றார். 'இயற்கை எய்தினார்' என்று மாற்றினேன். அதுவும் கூடாதாம். 'பாட்டை நிறுத்தினார்' என்று போடச் சொன்னார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "எழுமலையில இத எவன் சார் படிப்பான்?"

"என்கிட்ட துக்கம் கேக்க நாலு பேரு வேணாமாண்ணே?"

அடித்துக் கொடுத்தேன். படம் சரியாக விழாமல் முகம் கறுத்துப் போயிருந்தது.

அடுத்த வாரம் வேறு வேலையாக எழுமலைக்குப் போனவன் அவர் வீட்டில் எட்டிப் பார்த்தேன். கூடம் நிறைய ஆட்கள். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். கிறிஸ்தவர் வீட்டில் ஆங்கிலப் பெயர் யாருக்கும் சந்தேகம் தரவில்லை. இசைத்தட்டு பாடிக்கொண்டிருந்தது.

"கூடப் பொறந்தவரு குரலாம்" என்று பக்கத்திலிருந்த பெரியவர் என்னிடம் கிசுகிசுத்தார். "எம்புட்டுத் தெளிவா இருக்கு பாருங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். வாத்தியார் துண்டில் முகத்தைப் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தார். ஊரையே ஏமாற்றுகிறாரே என்று கோபம்தான் வந்தது. ஆனாலும் அந்தப் பாட்டு முடியும்வரை என்னால் எழுந்து வர முடியவில்லை.