டிக்கெட் இல்லாமல் கேட்ட நடனம்

மூன்று வருடங்களுக்கு முந்திய டிசம்பர் அது. கொழும்பு ஏழில் ஒரு மண்டபத்து வாசல், சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. அன்றைக்கு நடந்ததை எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

நாங்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்கள். நான் இப்போது இருப்பது வெள்ளவத்தையில், அண்ணாவின் ஃபிளாட்டில். அண்ணா லண்டனில், தங்கச்சி ரொறன்ரோவில். தம்பி மட்டும் இங்கே, எனக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, மனைவியோடும் மகளோடும் இருக்கிறான். நான் கல்யாணம் கட்டவில்லை. காரணம் கேட்காதீர்கள், பெரிய கதை ஒன்றும் இல்லை. வருடத்தில் பதினொரு மாதம் அந்த ஃபிளாட்டில் நானும் ஃபிரிட்ஜின் இரைச்சலும்தான். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வந்தால் வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள் கிடக்கும்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு அந்த அமளி பிடிக்கும். ஒக்டோபரிலேயே கேக்குக்குப் பழம் வெட்டி ஊறப்போட்டுவிடுவேன். மெத்தைகளை வெயிலில் போடுவேன். யாருக்கு உறைப்பு ஆகாது, யார் பால் விடாமல் பிளேன்டீ குடிப்பார், யாருடைய பிள்ளைக்குக் கஜுப் பருப்பு ஒத்துக்கொள்ளாது, எல்லாம் எனக்கு மனப்பாடம்.

தம்பியின் மகள் ஏழு வயதில் பாலே படிக்கத் தொடங்கினாள். தாய்க்கும் தகப்பனுக்கும் சனிக்கிழமையும் வேலை. ஆகவே ஆட்டோ பிடித்து வகுப்புக்குக் கூட்டிப்போவது மாமியான என் பொறுப்பு. வகுப்பு தொடங்கினால் டீச்சர் கதவைச் சாத்திவிடுவார். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. வெளியே விறாந்தையில் குந்தியிருக்க ஒரு நீட்டு வாங்கு. அதில் ட்ரைவர்மாரும் ஆயாமாரும் இருப்பார்கள். நானும் இருப்பேன்.

அங்கே ஒருநாள், காரில் வந்து இறங்கிய ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, “ஆயா, இந்த பேக்கைக் கொஞ்சம் பிடியுங்க” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “நான் ஆயா இல்லை, பிள்ளையின்ட மாமி” என்று அவர் முகத்திலேயே சொன்னேன். அடுத்த கிழமையிலிருந்து நல்ல சாரி கட்டிக்கொண்டு போனேன். வாங்கின் தொங்கலில், ஓரமாக இருந்துகொண்டு, எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் கைப்பையை வைத்துக்கொள்வேன். எனக்குப் பக்கத்தில் வழக்கமாக இருக்கிறவள் மலையகத்து அட்டன் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும், ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஆயா. என்னைக் கண்டால் சிரிப்பாள். நானும் தலையை ஆட்டுவேன். இரண்டு வருடமாக எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

வகுப்புப் பிள்ளைகள் மேடையில் ஆடும் அந்த வருடக் கச்சேரியில் எங்கள் பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் கிடைத்தது. எட்டுப் பிள்ளைகள் மழைத்துளிகளாக ஆடுவார்கள். ஏழு துளிகள் போனபிறகு எட்டாவது துளி தனியே வந்து ஐந்து தரம் துள்ள வேண்டும். அந்த எட்டாவது துளி இவள். மூன்றாவது துள்ளலுக்கும் நாலாவதுக்கும் இடையில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதிலேதான் கரைச்சல். சுற்றிவிட்டு இவள் துள்ளும்போது பியானோ அடுத்த இடத்துக்குப் போய்விடும். சாத்திய கதவுக்கு வெளியே இருந்தாலும் பலகைத் தரையில் கால் விழும் சத்தம் எனக்குக் கேட்கும். நாலாவது துள்ளல் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிந்தியது. ஆட்டோவில் வரும்போது அவள் அழுவாள். நான் வீட்டில் மேசையைத் தள்ளிவைத்துவிட்டு, கையால் தட்டித் தட்டி அவளைப் பழக்குவேன்.

கச்சேரித் திகதியைப் பார்த்துத்தான் அண்ணாவும் தங்கச்சியும் குடும்பத்தோடு பிளேனுக்குப் பதிந்தார்கள். தங்கச்சியின் புருஷன் வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். வான், ஹோட்டல், கச்சேரி டிக்கெட் எல்லாம் அதில்தான் பேசினார்கள். அந்தக் குழுவில் நான் இல்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். அது வருகிறவர்களுக்கான குழு, நான் அவர்கள் வந்து இறங்குகிற இடம்.

முதலில் நுவரெலியாப் பயணம் வந்தது. தம்பி குடும்பமும் ஏறினதும் வானில் இடம் முடிந்துவிட்டது. “நீ இங்க இருக்கிறனி தானே, எப்ப வேணுமெண்டாலும் போகலாம்” என்றார் அண்ணா. நான் கடைசியாக நுவரெலியா போனது பள்ளிக்கூடச் சுற்றுலாவில். சரி போகட்டும், வீட்டையும் ஒருவர் பார்க்கத்தானே வேண்டும் என்று இருந்துவிட்டேன். திரும்பி வரும்போது எனக்கென்று ஒரு கட்டு லீக்ஸ் கொண்டுவந்தார்கள். அதையும் அவர்களுக்கே சமைத்துக் கொடுத்தேன்.

கச்சேரி நாளன்று பிள்ளைக்கு நான்தான் கொண்டை போட்டேன். வலை போட்டு, ஒரு மயிர் வெளியே வராமல் பின் குத்தி, இரண்டரைக்கே கொண்டுபோய் மேடைப் பின்புறத்தில் டீச்சரிடம் ஒப்படைத்தேன். நாலு மணிக்கு மற்றவர்கள் வானில் வந்து இறங்கினார்கள். வாசலில் ஒரு இளம் பெட்டை ஃபோன்களில் டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். அண்ணா தன் குடும்பத்துக்குக் காட்டினார். தங்கச்சி தன் குடும்பத்துக்குக் காட்டினாள். தம்பி தனக்கும் மனைவிக்கும் காட்டிவிட்டு, “அக்கா, கெதியா வாங்கோ” என்று எனக்குக் கைகாட்டி உள்ளே போனான்.

பெட்டை என்னைப் பார்த்தாள். “உங்கட டிக்கெட், அன்ரி?”

என்னிடம் இல்லை. அண்ணா எடுத்திருப்பார் என்று தம்பி நினைத்தான். தங்கச்சி எடுத்திருப்பாள் என்று அண்ணா நினைத்தார். பக்கத்தில் இருக்கிற தம்பி எடுக்காமலா விடுவான் என்று தங்கச்சி நினைத்தாள். இதெல்லாம் பிறகு நானாகக் கணக்குப்போட்டுக் கண்டுபிடித்தது. வாங்கிக்கொள்வோம் என்றால் எல்லாம் விற்று முடிந்துவிட்டதாம்.

ஃபோனைக் கையில் எடுத்தேன். திரும்பப் பைக்குள் போட்டேன். கூப்பிட்டால் ஆளையாள் குற்றம் சொல்லி, யாரோ ஒருவர் எழும்பித் தன் இடத்தை எனக்குத் தந்து, பிள்ளையின் நாளில் அது ஒரு பெரிய கதையாகிவிடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் இல்லை என்பதை யாராவது தாங்களாகக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஐம்பத்துநாலு வயதில் என்ன பிள்ளைப் புத்தி பாருங்கள்! ஒருவரும் கூப்பிடவில்லை. மூன்று குடும்பமும் மூன்று இடத்தில் இருந்தபடியால், நான் மற்றவர்களோடு இருப்பதாக ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

நான் தெருவில் நிற்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று மண்டபத்தின் பக்கவாட்டுக்குப் போனேன். அங்கே மேடைக்குப் போகும் கதவுக்குப் பக்கத்தில், ஒரு குட்டைக் கட்டுச்சுவரில், நம்முடைய வாங்குக் கூட்டம் முழுக்க இருந்தது. அட்டன் பெண் என்னைக் கண்டதும் எழும்பிவிட்டாள்.

“உள்ள போகலியா மிஸ்?”

“இல்லை, தலையிடியா இருக்கு.”

என் முகத்தை ஒருதரம் பார்த்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. கையால் சுவரைத் துடைத்து எனக்கு இடம் விட்டாள். “இங்க உக்காருங்க மிஸ். கதவுகிட்ட இருந்தா நல்லா கேக்கும்.” ஃப்ளாஸ்க் மூடியில் இஞ்சிபோட்ட பிளேன்டீ ஊற்றித் தந்தாள். வேறு நாளென்றால் வேண்டாம் என்றிருப்பேன். அன்றைக்கு இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.

உள்ளே இசை மாறிக்கொண்டே இருந்தது. வெளியே இருந்த ஒருவருக்கும் நிகழ்ச்சித்தாள் தேவைப்படவில்லை. “இது எங்கட பேபிட மீன் டான்ஸ்” என்று ஒரு முஸ்லிம் ட்ரைவர் எழுந்தே நின்றார். “அந்தா, இப்ப வலப்பக்கம் ஓடுவாங்க.” உள்ளே தடதடவென்று கால்கள் ஓடின. எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை சனிக்கிழமை கேட்ட இசை! மண்டபத்துக்குள் இருந்தவர்களைவிட இவர்களுக்கு அந்த ஆட்டங்கள் நன்றாகத் தெரியும்.

“கண்ணால பாக்காமலே உங்களுக்கு எப்படித் தெரியுது?” என்று அவளிடம் கேட்டேன். இரண்டு வருடத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“பழகிப்போச்சு மிஸ். போன வாரம் எம் மகளுக்குப் பள்ளிக்கூடத்துல நத்தார் ஒளி விழா. அதுவும் டான்ஸ் ஆடுச்சு. இங்க வீட்ல விருந்தாளிங்க, நத்தார் முடிஞ்சுதான் லீவு. எங்கம்மா அங்க இருந்து ஃபோனைப் பிடிச்சாங்க, நான் குசினியில நின்னு பாட்டை மட்டும் கேட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “சலங்கை சத்தத்துல எம் புள்ளைய கண்டுபிடிச்சிட்டேன்ல!”

ஒரு பின்னேரம் வெளியே நின்றதற்கு நான் எவ்வளவு கொதித்துக்கொண்டிருந்தேன்!

அதற்குள் பியானோ மெல்லியதாக மாறியது. “மிஸ், ஒங்க பாப்பா” என்றாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஏழு துளிகள் ஓடி மறைந்தன. பிறகு ஒரு சோடிக் கால் மட்டும் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. இப்போது சுற்றுகிறாள். ‘மாதாவே’ என்று கண்ணை மூடினேன்.

தொம்.

பியானோவும் காலும் ஒன்றாக விழுந்தன. இம்மியும் பிந்தவில்லை.

“சரியா விழுந்துச்சு மிஸ்! சரியா விழுந்துச்சு!” என்று அட்டன் பெண் என் கையைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது! நாலாவது துள்ளல் பிந்துவதை இரண்டடி தள்ளி இருந்து அவளும் ஒவ்வொரு கிழமையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களுக்கு அது ஒரு துள்ளல். அதன் அருமை எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

முடிந்து கூட்டம் வெளியே வந்தது. “என்ன மாதிரி ஆடினவள் பாத்தியா!” என்றார் அண்ணா. “ஓம் அண்ணா, நல்லாச் செய்தவள்” என்றேன். பிள்ளை பூங்கொத்தோடு ஓடிவந்து, எல்லோரையும் விலத்திக்கொண்டு என் காதருகில் வந்தாள்.

“மாமி, நாலாவது பிந்தினதோ?”

“இல்லையடி குஞ்சு. சரியா விழுந்தது.”

சத்தியமான பதில்தானே? அதற்குள் அட்டன் பெண் தான் பார்க்கிற வீட்டுப் பிள்ளையின் பைகளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் பின்னால் ஓடிவிட்டாள். ஒரு நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமைதோறும் காண்கிறவள்தானே, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில் எல்லோரும் பறந்துவிட்டார்கள். ஃபிளாட் பழையபடி அமைதியானது. முதல் சனிக்கிழமை, நத்தாருக்குச் செய்த ரிச் கேக்கில் ஒரு பெரிய துண்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அவள் வரவில்லை. அந்தப் பிள்ளையின் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதாம். ஆயா எங்கே போனாள் என்று வாங்கில் இருந்த ஒரு ட்ரைவரிடம் கேட்டேன். “யாரைச் சொல்றீங்க மிஸ், பேர் என்ன?” என்றார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் பிள்ளையிடம் கேட்டேன். “ஆயா எண்டுதானே மாமி கூப்பிடுறது” என்றாள்.

அடுத்த வருடம் டீச்சரிடம் போய், கச்சேரிக்கு முதல்நாள் நடக்கும் ஒத்திகையை வெளியே காத்திருக்கிறவர்களும் பார்க்கலாமா என்று கேட்டேன். “தாராளமா வரட்டும். இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேட்கேல்லையே” என்றார். இப்போது ஒவ்வொரு டிசம்பரும் ட்ரைவர்மாரும் ஆயாமாரும் முன்வரிசையில் இருந்து பார்க்கிறார்கள். தம்பியிடமும் வாய்விட்டுச் சொல்லிவைத்திருக்கிறேன், எனக்கும் சேர்த்து டிக்கெட் எடு என்று. வாய் இருக்கிற பிள்ளைதானே பிழைக்கும்.

என்னை மறந்தவர்கள் மேல் அன்றைக்கு வந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. இரண்டு வருடம் பக்கத்தில் இருந்தும் ஒருத்தியின் பெயரைக்கூடக் கேட்காமல் இருந்தேனே, அந்தக் கோபம் மட்டும் எனக்கு என்மேல் இன்னும் ஆறவில்லை.