சிரிப்பு என்று நான் குறித்தவை

குரங்கின் முன்னால் பல்லைக் காட்டக் கூடாது, கண்ணை நேராகப் பார்க்கவும் கூடாது. ஆராய்ச்சிக்கு வந்த மேடம் முதல் நாளே எனக்குச் சொன்ன விதி இது. விதியை நன்றாக மனதில் வைத்துக்கொண்டேன். காரணத்தைத்தான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஆறு வார வேலை பாழாகியிருக்காது.

கார் நிக்கோபாரில் குரங்கு கிடையாது. அதற்கும் தெற்கே இருக்கிற எங்கள் தீவில் உண்டு. தேங்காயும் நண்டும் தின்கிற நீளவால் குரங்குகள். அவை எப்போது என்ன சத்தம் போடுகின்றன, யாரைப் பார்த்துப் போடுகின்றன, அதில் சிரிப்பு என்று ஒன்று இருக்கிறதா என்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. கோயம்புத்தூர்க்காரர். நான் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து இங்கே ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள். ஒன்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். ஒவ்வொரு குரங்கையும் முகம் பார்த்து அடையாளம் சொல்வேன் என்பதால் மேடம் என்னை உதவிக்கு எடுத்துக்கொண்டார். பால் வெட்டுக் கத்தியை அன்றைக்கே கூரையில் செருகிவிட்டேன். மறுபடி அதை எடுப்பதற்குப் பதில் கடலில் குதிக்கலாம் என்று நினைத்த காலம் அது. மிகையாகச் சொல்லவில்லை.

பத்து நாள் பயிற்சி. மைக்கைப் பிடிப்பது, வீடியோ எடுப்பது, தாளில் நேரமும் குரங்கும் குறிப்பது. ஒரு கட்டத்தின் தலைப்பு 'சிரிப்பு முகம்'. மேடம் லேப்டாப்பில் படங்கள் போட்டு விளக்கினார். சிரிப்பைக் கூடவா சொல்லித் தருவார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். "தெரியும் மேடம்" என்று தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு அவர் அனுமதிக் கடிதத்துக்காக போர்ட் பிளேர் போனார். கடல் கொந்தளிப்பில் கப்பல் தள்ளிப்போய், திரும்பிவர ஆறு வாரம் ஆனது. நான் தனியாகவே காட்டுக்குப் போனேன். ஒரு நாள் கூட விடவில்லை. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், குரங்கு பல்லைக் காட்டினால் "பாருடி, சிரிக்குது" என்போம். அதே கணக்கில், பல் தெரிந்த போதெல்லாம் சிரிப்புக் கட்டத்தில் டிக் போட்டேன். காது கிழிந்த ஒரு பெண் குரங்குக்குத்தான் அதிக டிக். என்ன குஷியான பிறவி என்று அதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மேடம் வந்த மறுநாள் காலை, காட்டு ஓரத்தில் நின்றபடியே தாள்களைப் புரட்டினார். பாதியில் கை நின்றது.

"இந்தக் காது கிழிஞ்சது, பெரிய ஆண் பக்கத்துல வர்றப்பல்லாம் சிரிக்குதுன்னு போட்டிருக்கீங்க?"

"ஆமா மேடம். நல்லா சிரிக்கும்."

"பல்லு தெரிஞ்சுதா?"

"எல்லாப் பல்லும் தெரியும்."

அவர் முகம் சிவந்தது. "அது சிரிப்பு இல்லைங்க, பயம்! என்னை அடிச்சுராதேன்னு கெஞ்சுது. விளையாட்டுச் சிரிப்புன்னா வாய் தொளதொளன்னு திறந்திருக்கும், பல்லை உதடு மூடியிருக்கும். சிம்பன்சி மூச்சை இழுத்து இழுத்து விட்டுச் சிரிக்கும், நாம வெளிய விடற மூச்சைத் துண்டு துண்டா வெட்டிச் சிரிக்கறோம்னு அத்தனை தூரம் போட்டுக் காட்டினேனே! தெரியும்னு தானே சொன்னீங்க?"

கூரையில் செருகிய கத்தி கண் முன்னால் வந்தது. உதடு இரண்டும் தானாகப் பின்னால் இழுபட்டன. தொண்டையிலிருந்து ஹி ஹி என்று ஒரு சத்தம் வந்தது.

"சிரிக்கறீங்களா? ஆறு வாரம் போச்சு. உங்களுக்குத் தமாஷா இருக்கா?"

நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. அவர் குரல் உயர உயர அந்தச் சத்தமும் கூடியது. கடைசியில் மேடம் தாள்களை மடித்துப் பையில் போட்டார். "வியாழக்கிழமைக் கப்பல்ல வேற ஆளை வரச் சொல்லிடறேன்" என்றார்.

"வீடியோ இருக்குல்ல மேடம். பூராவும் பாத்து நானே திருத்திர்றேன். புதன்கிழமைக்குள்ள."

மத்தியானம் அவர் லேப்டாப்பை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனார். அன்று ஞாயிறு.

மேடத்தின் வாடகை அறையில் மூன்று நாள் உட்கார்ந்தேன். கரண்ட் போனால் வரும்வரை பல்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் கோபமாகத்தான் பார்த்தேன், குரங்கின் மேல் கூட. பிறகு காது கிழிந்தது வந்தது. பெரிய ஆண் நடந்து வருகிறது. இது பல்லைக் காட்டுகிறது. தோளைக் குறுக்குகிறது. தின்றுகொண்டிருந்த தேங்காயைக் கீழே விட்டுவிட்டு நகர்கிறது. அடுத்த வீடியோவிலும் அதே. அடுத்ததிலும் அதே. இத்தனை நாள் நேரில் பார்த்தும் எனக்கு இது கண்ணில் படவில்லை.

எட்டாவதா ஒன்பதாவதா தெரியாது, ஒரு வீடியோவில் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த முகத்தை நான் பெரட்டில் பார்த்திருக்கிறேன்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற களம். எனக்குப் பதினொரு வயது. அம்மா தாமதமாக வந்தாள். மேலாள் எல்லார் முன்னாலும் இந்தியில் கத்தினான். அம்மா சிரித்தாள். "ஹஸ்தீ க்யோன் ஹை?", ஏன் சிரிக்கிறாய் என்று இன்னும் கத்தினான். அம்மா இன்னும் சிரித்தாள். "திமிரா?" என்று ஹாஜிரி, அதாவது அன்றைய வருகைக் கணக்கு, போடாமல் வீட்டுக்கு விரட்டினான். அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க. அவமானம் தாங்காமல் நான் அம்மாவோடு பேசாமல் இருந்தேன். வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியாதவள் என்று எத்தனையோ வருஷம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். சண்டை வந்தால் வாய்விட்டே சொல்லியும் இருக்கிறேன்.

லேப்டாப்பை மூடிவிட்டு அழுதேன். அழுது முடித்து மறுபடி திறந்தேன். வேலை பாக்கி இருந்தது.

புதன்கிழமை நான்கு மணிக்கு மேடம் வந்தார். புதிய தாள்களை வாங்கிக்கொண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடியோவைப் போட்டு ஒப்பிட்டார். நான் சுவரோரம் நின்றேன். ஏழெட்டு பார்த்தபின் ஒன்றில் நிறுத்தி, என் பக்கம் திரும்பி, "இது?" என்றார்.

உதடு இழுபட்டது. ஹி ஹி. அவர் புருவம் நெரிந்தது.

"மேடம்," என்றேன், அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே. "நான் சிரிக்கல."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சட்டென்று கண்ணை விலக்கிக்கொண்டார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தார். காட்டில் காது கிழிந்தது எங்களைக் கண்டு பல்லைக் காட்டினால் அவர் செய்வது இதைத்தான். வேறு சமயமாக இருந்தால் என்னைக் குரங்காக்கிவிட்டாரே என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். அன்று வரவில்லை. கொஞ்ச நேரத்தில் என் வாய் மூடிக்கொண்டது.

"நீங்க போட்டது சரிதான்," என்றார் மெதுவாக, ஜன்னலைப் பார்த்தபடியே. "நான் கத்தியிருக்கக் கூடாது. நாளைக்கு அஞ்சரைக்குப் போலாம். மைக் பேட்டரிய சார்ஜ் போட்டுருங்க."

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "யம்மா, அன்னைக்கிப் பெரட்டுல அந்தாளு கத்துனப்ப..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை. "சிரிச்சேன்னு விரட்டிவிட்டானே, அதா?" என்றாள். "நீயுந்தான் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவ. நான் எங்கடி சிரிச்சேன்?"