கடைசிப் பக்கம் வரை போன கழுதை

காயம்பட்ட கழுதைகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கு உதவ ஒரு சிறுகதை எழுதி, சிறு புத்தகமாக்கி, தாழ்வுபாடு கிராமத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் விற்றேன்.

வாசகர் வட்டத் தலைவர் ஒன்றை வாங்கி, அதைப் பிடித்தபடி புகைப்படத்துக்கு நின்றார். அட்டையைக்கூடப் புரட்டாமல், "வாசிக்கக் கண்ணீர் வந்திட்டுது, ரீச்சர்" என்றார்.

சற்று நேரத்தில் அவருடைய புத்தகம் மதிலோரம் கிடந்தது. தெருவில் திரியும் கழுதை ஒன்று அதை மென்றுகொண்டிருந்தது. அதன் உதட்டில் இரத்தம். புத்தகத்துக்கு நான் அடித்த ஸ்டேப்ளர் கம்பி குத்தியிருந்தது!

"கடிக்கும், விடுங்கோ ரீச்சர்!" தலைவர் பத்தடி தள்ளி நின்று கத்தினார். நான் கழுதையின் வாய்க்குள் கைவிட்டுக் கம்பியை எடுத்தேன். நல்லகாலம், விழுங்கவில்லை.

இப்போது புத்தகங்களைக் கோதுமை மாப் பசையால்தான் ஒட்டுகிறேன். கடைசிப் பக்கம் வரை போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே.