செங்கொடியின் வேன் மலையேறியது

வியாசர்பாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் செங்கொடிக்கு நாற்பத்திரண்டு வயது. பதினோரு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையில் எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து, மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவாள். லாரிக்காரர்கள் அவளுக்கு வழிவிடுவார்கள். விடாதவர்களும் ஒருமுறை அவள் வாயைக் கேட்டுவிட்டால் மறுநாளிலிருந்து விடுவார்கள்.

மே மாதம் முழுக்க வேன் சும்மாதான் நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, கல்மண்டபத்தில் மீன் விற்கும் பூவம்மா வந்தாள். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்தன, அவளுக்கும் வேலை இல்லை.

"செங்கொடி, நாங்க பன்னெண்டு பேரு கீறோம். எங்கனா மலைக்கு இட்டுகினு போ. பொறந்ததுலேருந்து தண்ணியவே பாத்துகினு கீறோம்."

"நான் மலைல வண்டி ஓட்னதே இல்ல பூவு."

"அதனால இன்னா? அதுவும் ரோடுதான?"

வடசென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். ஜவ்வாது மலையின் முதல் கொண்டை ஊசி வளைவில் செங்கொடியின் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பின்னால் இருந்த பன்னிரண்டு பேரும் ஒவ்வொரு வளைவுக்கும் ஓவென்று கத்திச் சிரித்தார்கள். ஏழாவது வளைவில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் விட்டாள். தார் ரோடு முடிந்து மண் பாதை வந்தது. கோடை மழையும் பிடித்துக்கொண்டது. நாற்பது வீடுகள் உள்ள தேன்கொல்லை என்ற ஊரின் முகப்பில், பின்சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்து வேன் நின்றது.

கையில் அரிவாளோடு ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தாள். அவள் பெயர் மங்கம்மா. "யாரும்மா நீங்க? ஓட்டுக் கேக்க வந்தீங்களா?"

"இல்லக்கா, சுத்திப் பாக்க வந்தோம்."

"இங்க சுத்திப் பாக்க என்னம்மா இருக்கு?" என்று மங்கம்மா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

சேறு காய இரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டு பேரும் வீட்டுக்கு இருவர் மூவராகப் பிரிந்து தங்கினார்கள். சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் சாப்பிட்டார்கள். பூவம்மா வழிக்கு என்று கொண்டுவந்திருந்த நெத்திலிக் கருவாட்டை அந்த ஊர்ப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள். தெருவில் பாதிப் பேர் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். கிளம்பும்போது ஆளுக்கொரு பலாப்பழம் வேனில் ஏறியது.

ஊர் திரும்பியதும் பூவம்மா குடியிருக்கும் காசிமேடு முழுக்க இதே பேச்சு. "எங்களையும் அந்த மலைக்கு இட்டுகினு போக்கா" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். செங்கொடியும் யோசிக்காமல் அடுத்த மாதமே தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனாள். அவர்கள் பெரிய ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். ஊர் குடிக்கும் சுனையில் சோப்புப் போட்டுக் குளித்தார்கள். பஞ்சரான சக்கரத்தை மாற்றிவிட்டு செங்கொடி ஓடி வருவதற்குள் சுனையில் நுரை மிதந்தது. ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாளிகளை எடுத்துக்கொண்டு தூரத்து ஓடைக்கு நடந்தார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. கணவர் பீம்ராவ், "இங்க குந்திகினு பேஜார் ஆவாத. நேராப் போயி மன்னிப்பு கேளு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, கடைசி மூன்று கிலோமீட்டர் நடந்து, தேன்கொல்லைக்குப் போனாள். பள்ளிக்கூடத்து வாசலில் ஊர் கூடியது.

"தப்பு என்னுதுதான்," என்றாள் செங்கொடி. "யாரு இன்னான்னு பாக்காம ஏத்திகினு வந்துட்டேன். இனிமே வரமாட்டோம். அத சொல்லத்தான் வந்தேன்."

மங்கம்மா கேட்டாள். "நீ ஓட்டுறது பள்ளிக்கூட வண்டிதானே? யார் ஏறணும், யார் எறங்கணும்னு யார் சொல்றது?"

"நான்தான்."

"எங்க ஊருக்கு யார் வரணும்னு நாங்க சொல்றோம். நீ ஏன் வரமாட்டேன்னு சொல்ற?"

ஊர்ப் பெரியவர் சடையன் சத்தமாகச் சிரித்தார். அதோடு இறுக்கம் போயிற்று. மாலைக்குள் எல்லாம் பேசி முடித்தார்கள். மாதம் ஒரு வேன்தான் வரலாம். தங்கும் வீடு முறை வைத்து மாறும். ஸ்பீக்கர் கூடாது, சுனையில் கால் வைக்கக் கூடாது. அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சமையலோ அதுதான் விருந்தாளிக்கும். வயக்காட்டில் வேலை நடந்தால் வந்தவர்களும் கூட நிற்க வேண்டும்.

அந்தக் கடைசி விதியை வைத்தே பூவம்மா பெயர் வாங்கினாள். புரட்டாசியில் சாமை அறுப்புக்குப் போனபோது அவள் அரிவாள் பிடித்த விதத்தைப் பார்த்து மங்கம்மா, "கதிர அறு தாயி, கால அறுத்துக்காத" என்று பிடுங்கிக்கொண்டாள். ஆனால் கட்டுகளைத் தூக்கும் நேரம் வந்தது. முப்பது வருடம் மீன்கூடை சுமந்த தலை. இரண்டு கட்டுகளை ஒன்றாக ஏற்றிக்கொண்டு பூவம்மா களத்துக்கு இறங்கிய வேகத்தில், மலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அன்று முதல் அந்த ஊரில் அவளுக்கு 'ரெட்டைக்கட்டு' என்று பெயர்.

இப்போது தேன்கொல்லையில் பதினெட்டு வீடுகள் விருந்தாளிகளை ஏற்கின்றன. கொருக்குப்பேட்டைத் தையல்காரர்கள், மீஞ்சூர் செவிலியர்கள், புளியந்தோப்புக் குடும்பங்கள் என்று வருகிறார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து சுனையைச் சுற்றிக் கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எதிர்மலை ஊர்க்காரர்களும் வந்து விதிகளை எழுதி வாங்கிப்போனார்கள்.

போன தை மாதம் மங்கம்மாவும் சடையனும் இன்னும் பதினாறு பேரும் வடசென்னைக்கு வந்தார்கள். காசிமேட்டு மீனவர் வீடுகளில்தான் தங்கினார்கள். ஏலம் பார்த்தார்கள், அலையில் நனைந்தார்கள், சுறாப்புட்டு சாப்பிட்டார்கள். மறுநாள் காலை செங்கொடி அவர்களை வியாசர்பாடிக்கு அழைத்து வரும்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டது.

"கலீஜ் கேட்டு," என்று ஸ்டியரிங்கில் தட்டினாள். "அரை மணி நேரம் போச்சு."

பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பதினெட்டுப் பேரும் இறங்கி வரிசையாக நின்றார்கள். கூட்ஸ் வண்டி ஒவ்வொரு பெட்டியாக, அவசரமில்லாமல் வந்தது. அவர்கள் உரக்க எண்ணினார்கள். கடைசிப் பெட்டியில் நின்ற கார்டு இந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பச்சைக் கொடியை ஆட்டினார். எல்லோரும் கை ஆட்டினார்கள். பதினோரு வருடமாக அந்தக் கேட்டைத் திட்டிய செங்கொடியும் எப்போது இறங்கினாள் என்று தெரியாமல் நடுவில் நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்பத்தெட்டு," என்றாள் மங்கம்மா.

"அம்பத்தொம்போது. எஞ்சினுக்கு அடுத்தத நீ விட்டுட்ட," என்றார் சடையன்.

"இல்லண்ணா, அம்பத்தெட்டுதான். நானும் எண்ணிகினு இருந்தேன்," என்றாள் செங்கொடி.

சடையன் ஒப்புக்கொள்ளவில்லை. கேட் திறந்துவிட்டது, பின்னால் இருபது வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் ஏறவே இல்லை. "அடுத்த வண்டி எப்ப வரும்னு கேளு, தாயி," என்றார்.

செங்கொடி வேனை ஓரமாக நகர்த்தி, எஞ்சினை நிறுத்தினாள்.