நேராகப் பார்த்த ஆந்தை

ஊரில் பாதிப் பேரின் காதுகள் அவருக்கு அத்துப்படி. பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பதுதான் அவருக்குத் தொழில். ஒரு ஸ்டூல், ஒரு சீப்பு, யாருக்கும் சரியாகப் பொருந்தாத ஒரு கோட்டு. "சிரிக்காதீங்க, காது தெரியட்டும்" என்று சொல்லிச் சொல்லியே அவர் பெயர் 'பாஸ்போர்ட்' ஆகிவிட்டது. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

பறவைப் பித்தை அவருக்கு ஒட்டவைத்தவர் சகலை. மனைவியின் அக்காள் கணவர், இன்ஷூரன்ஸ் மேனேஜர். பீரங்கி போன்ற லென்ஸ், இலை அச்சிட்ட சட்டை. புதருக்குள் நின்றால் ஆள் தெரியாது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

பாஸ்போர்ட் எடுத்த படங்களிலோ பறவைகள் நடுவில் விறைத்து நின்றன.

"இந்த மீன்கொத்திக்கு விசா வேணா கிடைக்கும், பரிசு கிடைக்காது" என்று சகலை நாலு பேர் முன்னால் சொன்னார். பாஸ்போர்ட்டுக்கு அது சுருக்கென்று தைத்தது.

குளிர் விட்டு மரங்கள் துளிர்த்த ஒரு ஞாயிறு, இருவரும் கழிவுநீர் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஏரிக்குப் போனார்கள். முதலில் வந்தது நாற்றம், அப்புறம்தான் பறவைகள். ஒரு ஜோடி முக்குளிப்பான்கள் தண்ணீரில் எதிரெதிரே தலையாட்டிக் கொஞ்சிக்கொண்டிருந்தன. கிட்டே போய் எடுக்க ஆசைப்பட்டு, புல் என்று நினைத்துச் சகலை கால் வைத்தார். தொடைவரை சேறு.

"என்னை விடுங்க, முதல்ல கேமராவைப் பிடிங்க."

பாஸ்போர்ட் கரையில் குப்புறப் படுத்து அதை வாங்கினார். அந்த நேரம் பார்த்து, காக்கைகள் துரத்தி வந்த ஆந்தை ஒன்று வேலிக் கம்பத்தில் வந்து உட்கார்ந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு. அவர் கை தானாகப் பீரங்கியைத் தூக்கியது.

"சகலை, கையைக் குடுங்க" என்றார் சேற்றில் நின்றவர்.

"ஒரு நிமிஷம். அசையாதீங்க."

"எனக்கா சொல்றீங்க, அதுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"யோவ் பாஸ்போர்ட்!" என்று சகலை போட்ட சத்தத்தில் முக்குளிப்பான்கள் மூழ்கின. ஆந்தை மட்டும் பறக்கவில்லை. 'யார் இந்த மடையன்' என்பதுபோல் தலையை முழுக்கத் திருப்பி, இரண்டு கண்ணாலும் நேராகப் பார்த்தது. பாஸ்போர்ட் அழுத்திவிட்டார்.

பிறகு கழிவுநீர் நிலையத்துக் காவலாளியும் சேர்ந்து இழுத்ததில் சகலை வெளியே வந்தார், இடது பூட்ஸ் வரவில்லை. காரில் செய்தித்தாள் விரித்துத்தான் உட்கார்ந்தார்.

சாயங்காலம் சகலை வீட்டு டிவியில் படத்தைப் போட்டார்கள். அக்காளும் தங்கையும் சோபாவில் சரிந்து சிரித்தார்கள்.

"அப்பாவேதான்டி. பரீட்சைப் பேப்பர் திருத்துறப்ப இப்படித்தான் பார்ப்பாரு."

"கேமரா என்னோடது" என்றார் சகலை.

"எடுத்தது நான்" என்றார் பாஸ்போர்ட்.

"நான் கத்தலேன்னா அது திரும்பியிருக்குமா?"

சண்டை சூடுபிடித்தபோது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான மாமனார் உள்ளறையிலிருந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டே வந்தார். டிவியைப் பார்த்தார். மகள்களைப் பார்த்தார். ஒருத்தி தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு எடுத்தது இது?"

மாப்பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.