லோரிக்குப் புது டிரைவர்

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் சட்டி பானை உடையாது. பேச்சு நின்றுவிடும். அதுவும் முழுசாக நிற்காது. ஆளை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றி மட்டும் பேசுவோம். “சோறு மேசையில இருக்கு.” “கேஸ் முடியப் போகுது.” “ஹெல்மெட் சீட்டு மேல இருக்கு.” யாரிடம் சொல்கிறோம் என்று கேட்டால், சுவரிடம். மகள் வீட்டில் இருந்தவரைக்கும் அவள்தான் தபால்காரி. “அப்பாகிட்ட சொல்லு”, “அம்மாகிட்ட கேளு” என்று அவளை நடுவில் வைத்தே நாட்களை ஓட்டியிருக்கிறோம். கல்யாணமாகி அவள் ஜொகூருக்குப் போன பிறகு அந்த வேலைக்கு ஆள் இல்லை.

நான் சொல்லப்போகிறது டெங்கில் என்கிற ஊரால் வந்த சண்டை. அப்போது நான் கிள்ளானில் ரப்பர் கையுறை செய்கிற ஒரு ஃபேக்டரியில் செக்கிங்கில் இருந்தேன். கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. வருஷக்கணக்காக ஓட்டை பார்த்தாகிவிட்டது. எனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம், இங்கிலீஷ் வாயில் நுழைகிறது என்ற ஒரே காரணத்துக்காக, என்னைத் தாண்டி மேலே போய்விட்டார்கள். டெங்கிலில் புது ஃபேக்டரி திறக்கிறோம், சூப்பர்வைசர் வேலைக்கு இங்கிருந்தே ஆள் எடுக்கிறோம், ஆனால் இன்டர்வியூ இங்கிலீஷில்தான் என்று சொன்னார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று பட்டது. யாரையும் கேட்காமல் பேரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கப்பல் போர்ட்டில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், “நான் இருக்கிற வரைக்கும் நீ டெங்கிலுக்கெல்லாம் போக வேணாம்,” என்றார். ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே இன்னொரு தடவை கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கு மூடிய வாயை இரண்டு பேரும் திறக்கவில்லை.

இன்டர்வியூவுக்குத் தயார் பண்ண ஒரு இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு மேல்மாடி. டீச்சர் பிரிக்பீல்ட்ஸில் இருந்து கோமுட்டர் ரயில் பிடித்து வருவார். படிக்க வந்தவர்கள் எல்லாம் என்னை மாதிரி நரை தட்டியவர்கள்தான். இதில் ஒரு கூத்து என்னவென்றால், பண்டமாரானில் எங்கள் வீட்டில் இருந்து என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டவரும் என் வீட்டுக்காரர்தான். போகக் கூடாது என்பது ஒரு கணக்கு, பொண்டாட்டி பஸ்ஸுக்குக் காத்து நிற்கக் கூடாது என்பது வேறு கணக்கு. இந்த ஆம்பிளைகளின் கணக்கை யார் போட முடியும்?

முதல் நாள் அவர் கீழே வெயிலில் மோட்டார் பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் நின்றார். டீச்சர் ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டார். “அண்ணே, ஏன் அங்க காயிறீங்க? மேல வாங்க, ஃபேன் இருக்கு லா!” ஃபேனுக்காக வந்தவர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் அவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்துவிட்டார்.

வகுப்பு ஆரம்பித்தது எழுவாய் பயனிலையில். ஆனால் டீச்சர் அப்படிச் சொல்லவில்லை. “யாரு, இல்ல எது, அதான் சப்ஜெக்ட். அதைப் பத்திச் சொல்ற மிச்சம் எல்லாம் பிரெடிகேட்.” சப்ஜெக்ட்டுக்குச் சிவப்புக் கோடு, பிரெடிகேட்டுக்கு நீலக் கோடு. பிறகு எங்களைப் பிடித்துக்கொண்டார். “ஆல்ரெடி ஈட். கோயிங் வேர்? இப்படித்தான பேசுறோம்? யாரு சாப்பிட்டா? யாரு போறா? நம்ம ஊரு இங்கிலீஷ்ல ஆளே இருக்க மாட்டாங்க. இன்டர்வியூல ஆளு வேணும்.” எங்கள் வீட்டிலும் ஆள் இல்லைதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதி வர வேண்டும். போர்டில் எழுத வேண்டும், மற்றவர்கள் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனைதான். வாக்கியம் சொந்த வீட்டைப் பற்றியதாக, உண்மையாக இருக்க வேண்டும். “கதை விட்டீங்கன்னா கோடு போட மாட்டேன்,” என்றார் டீச்சர்.

நான் முதலில் எழுதினேன்: மை ஃபேக்டரி நீட்ஸ் மீ. ஃபேக்டரிக்கு நான் தேவை. எழுதிவிட்டு விறைப்பாக வந்து உட்கார்ந்தேன். அடுத்து என் வீட்டுக்காரர் எழுந்து போனார். தி ரைஸ் வாஸ் ஹார்ட். சோறு வேகவில்லையாம்! அது உண்மைதான், அதுதான் இன்னும் எரிச்சல். வகுப்பு முழுக்க என் சோற்றுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டது.

விடுவேனா? அடுத்த வாரம் ஃபோனில் எழுத்துக் கூட்டிப் பார்த்துப் பெரிசாக எழுதினேன்: தி மேன் நியர் தி விண்டோ ஸ்னோர்ஸ். ஜன்னல் பக்கம் படுக்கிற மனுசன் குறட்டை விடுகிறார். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். “பாருங்க, சப்ஜெக்ட் எவ்வளவு நீளமா வந்திருக்கு!” அதற்கு மறுவாரம் அவர், வீடு ஞாயிற்றுக்கிழமையில் அமைதியாக இருக்கிறது என்று எழுதினார். நாங்கள் வகுப்பில் இருக்கிற நேரமாம் அது. பாசாரில் புட்டு மாயம், அதுதான் இடியாப்பம், விற்கிற அக்கா ஒருத்தர் என் பக்கத்தில் உட்காருவார். அவருக்கு மட்டும் புரிந்துவிட்டது. என் தொடையில் கிள்ளி, “என்னாடி, புருசன் பொண்டாட்டி சண்டையைக் கொண்டாந்து இங்க கோடு போடுறீங்களா?” என்றார். “பிராக்டிஸ், அக்கா,” என்றேன்.

ஜாடைப் பேச்சு எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இங்கிலீஷில் ஜாடை பேசுவதில் ஒரு சுகம் இருந்தது. மகள் விட்டுப்போன வேலையை அந்தப் போர்டு பார்த்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்றுகூட இருந்தது எனக்கு.

ஒன்றிரண்டு விஷயம் கண்ணில் பட்டது. அவர் சட்டைக் காலர் துவைக்க லேசாக இருந்தது. டீசல் வாசமே இல்லை. கம்பெனியில் ஏர்கோன் வைத்த புது லோரி கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். வகுப்பில் தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். இங்கிலீஷ் என்றால் எல்லாரும் அப்படித்தானே முழிக்கிறோம்? பேசிக்கொண்டிருக்கிற வீடாக இருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன்.

இன்டர்வியூவுக்கு முந்தின வகுப்புக்கு நான் நல்ல காரமாக ஒன்று தயார் பண்ணி வைத்திருந்தேன். மை ஹஸ்பண்ட் இஸ் ஜெலஸ். என் வீட்டுக்காரருக்குப் பொறாமை. இதற்குமேல் சுவரிடம் பேச எனக்குத் தெம்பு இல்லை, போர்டில் போட்டு உடைத்துவிடுவது என்ற முடிவோடு போனேன். ஆனால் டீச்சர் முதலில் அவரைக் கூப்பிட்டார்.

அவர் போர்டுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்று எழுதினார். எழுத்துகள் கீழ்நோக்கிச் சரிந்தன. தி லோரி ஹேஸ் எ நியூ டிரைவர்.

“சப்ஜெக்ட் எது?” என்றார் டீச்சர். “தி லோரி!” என்றார்கள் எல்லாரும். சிவப்புக் கோடு. “பிரெடிகேட்?” “ஹேஸ் எ நியூ டிரைவர்!” நீலக் கோடு. “வெரி குட் அண்ணே. உண்மைதானே?”

“உண்மைதான் டீச்சர்,” என்றார்.

எங்கள் வீட்டில் லோரி என்றால் ஒரே லோரிதான். ஆயுத பூஜைக்கு அதற்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, டயரைக்கூடத் துடைத்துவிட்டு வருவார். லீவு நாளில் வேறு ஆள் எடுத்தால் சீட்டை மாற்றி வைத்துவிட்டான் என்று மூன்று நாளைக்குத் திட்டுவார். அந்த லோரிக்குப் புது டிரைவர். காலர், டீசல் வாசம், மூக்குக்கு நேராகத் தாள், சரிந்த எழுத்து எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“உங்களுக்குக் கண்ணு தெரியலையா?”

இத்தனை வாரத்தில் அவரைப் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான், அதுவும் அத்தனை பேருக்கு நடுவில்.

“ஒரு கண்ணுதான்,” என்றார்.

“அடப்பாவி மனுசா! ஒரு கண்ண வெச்சுக்கிட்டா என்னைப் பின்னால ஏத்திக்கிட்டு வந்தீங்க?”

“பகல்லதான…”

டீச்சர் மார்க்கரை மூட மறந்து நின்றார். புட்டு மாயம் அக்கா என் பையை எடுத்துக் கையில் கொடுத்து, “போ, வெளிய போயிப் பேசுங்க,” என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னார். இனிப்புநீர் வியாதி ஒரு கண்ணைத் தின்றுவிட்டது. கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு லோரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலையை விட்டு எடுக்கவில்லை, கேட்டில் போட்டிருக்கிறார்கள். உள்ளே வருகிற லோரிகளுக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கி விடுகிறார். அதில் ஒரு லோரி அவருடையது. நான் டெங்கில் பேச்சை எடுத்தது டாக்டர் சொன்ன அதே நாளாம்.

“நீ சூப்பர்வைசராப் போயி, நான் கேட்டுல நின்னா, பொண்டாட்டி கையப் பாத்து நிக்கிறவன்னு ஆயிடும்ல,” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. “சோறு வேகலன்னு எழுதத் தெரியுது, கண்ணு போச்சுன்னு சொல்லத் தெரியலையா?”

“தமிழ்ல சொல்லத்தான் பாத்தேன். வாய் வரல. இங்கிலீஷ்ல எனக்குக் கொஞ்ச வார்த்தைதான் தெரியும். அதான் வந்துடுச்சு.”

நான் தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் சட்டைப் பையில் கைவிட்டு மோட்டார் சாவியை எடுத்தேன். எனக்கு லைசென்ஸ் உண்டு, பாசாருக்குப் போய் வருவதோடு சரி. அன்றைக்குக் கிள்ளானில் இருந்து பண்டமாரான் வரைக்கும் நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

இன்டர்வியூ அன்று காலையில் நான் கொண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, “பெட்ரோல் ஊத்தியாச்சு. டெங்கில் போய்த் திரும்பலாம்,” என்றார். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

வழி முழுக்க நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் லோரி உரசிக்கொண்டு போனால் பிரேக்கைப் பிடித்துவிடுவேன். அவர் பின்னால் இருந்து காதால் பார்த்துக்கொண்டு வந்தார். “லோரி வருது, ஓரம் போ.” “இது காலி லோரி, பயப்படாத.” “இவன் பிரேக் சரியில்ல, அவன் போவட்டும்.” ஒருதரம்கூடத் தப்பவில்லை.

அறைக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னேன், ஆனால் ஆளை விடாமல் சொன்னேன். கடைசியில் ஒருவர், பண்டமாரான் தூரமாயிற்றே என்று நினைத்திருப்பார், “ஹஸ்பண்ட் செண்ட் யூ ஹியர், ஆ?” என்றார்.

“நோ சார்,” என்றேன். “ஐ ப்ராட் மை ஹஸ்பண்ட்.”

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வேலை எனக்குத்தான் என்று பிறகு ஃபோனில் சொன்னார்கள். படி இறங்கும்போது அது எனக்குத் தெரியாது.

கீழே மோட்டார் பக்கத்தில், நிழல் இருந்தும் வெயிலில், இரண்டு ஹெல்மெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“என்ன கேட்டாங்க?”

“உங்களப் பத்தித்தான்.”

“என்னப் பத்தியா? என்னன்னு சொன்ன?”

“நான்தான் கூட்டிட்டு வந்தேன்னு சொன்னேன்.”

அவர் எழுந்து என் ஹெல்மெட்டைத் தானே என் தலையில் வைத்தார். தாடைக்குக் கீழே வாரைத் தடவிப் பார்த்து மாட்டினார்.

“சரி, ஓட்டு,” என்றார்.